புள்ளையப் புடுங்கினது யாரு?

"அன்புக்கு நிறம் உண்டா தோழர்?" ஒரு கூட்டத்தில் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். அமெரிக்காவில் கருப்பினக் குழந்தைகளை வெள்ளையர் தத்தெடுப்பது பற்றிப் பேச்சு. அனாதையாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தால் போதாதா, இதிலென்ன அரசியல் என்பது அவர் வாதம். நல்ல மனசுக்காரர்தான். நான் திருப்பிக் கேட்டேன்: அது அனாதை என்று உங்களுக்கு யார் சொன்னது?

பொதுப்புத்தி வழுக்குகிற இடம் இதுதான். அரசாங்கத்தின் காவலில் இருக்கும் கருப்புக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் உயிரோடு இருக்கிறாள். பாட்டி இருக்கிறாள், அத்தை இருக்கிறாள். ஆனால் அவர்கள் வீடு 'வீடு' இல்லையாம்.

1972இல் கருப்பின சமூகப் பணியாளர் தேசியச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது: கருப்புக் குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் வெள்ளையர் வீட்டில் வைக்காதே. அதே வருஷம்தான் பம்பாயில் நம்மவர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்து தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். அந்த அறிக்கையை முதலில் படித்தபோது எனக்கும் உறுத்தியது. இவ்வளவு கறாரா? பிள்ளை காத்துக் கிடக்குமே? பிறகுதான் எங்க ஆயா நினைவுக்கு வந்தாள்.

அம்மா செங்கல் சூளைக்குப் போன வருஷங்களில் என்னை வளர்த்தது ஆயாதான். ஒழுகுற குடிசை, ஒரே பாய், ராத்திரிக்குக் கூழு. ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து நின்றிருந்தால் ஆயாவுக்கு எத்தனை மார்க்குப் போட்டிருப்பான்?

லூசியானா மாநிலம் 1960இல் அப்படித்தான் மார்க்குப் போட்டது. மணமாகாமல் பிள்ளை பெற்றவளின் வீடு 'தகுதியான வீடு' அல்ல என்று சட்டம் போட்டு, சுமார் 23,000 பிள்ளைகளின் உதவித்தொகையை நிறுத்தியது. பெரும்பாலும் கருப்புப் பிள்ளைகள். இதற்குப் பரிகாரமாக 1961இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: உதவியை வெறுமனே நிறுத்தாதே, வீட்டைச் சீர்செய்யப் பார், முடியாவிட்டால் பிள்ளையை அகற்று. சீர்செய்வது கஷ்டம். அகற்றுவது சுலபம். அதிகாரம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொரு கணக்கு பாருங்கள். 1996 ஆகஸ்ட் 20. தத்துக் கொடுக்கும்போது நிறத்தைக் காரணம் காட்டி மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்ற சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டார். அதே சட்டம் தத்தெடுப்பவருக்குக் குழந்தை ஒன்றுக்கு 5,000 டாலர் வரை வரிச்சலுகையும் தந்தது. இரண்டே நாள். ஆகஸ்ட் 22. ஏழைத் தாய்மாருக்கு 1935 முதல் இருந்துவந்த உதவித்தொகை உத்தரவாதத்தை ஒழிக்கும் சட்டத்திலும் அதே கை கையெழுத்துப் போட்டது. பெத்தவகிட்டே பிடுங்கு, எடுத்தவகிட்டே கொடு. இதற்குப் பெயர் நிறம் பாராமையா?

அடுத்த ஆண்டு, 1997இல், இன்னொரு சட்டம். பிள்ளை 22 மாதங்களில் 15 மாதம் அரசின் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் போக, தாயின் உரிமையை ரத்துசெய்ய வழக்குப் போட வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் கருப்பினப் பெண்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைத்த காலம் அது. சிறைத்தண்டனை 15 மாதத்தில் முடியுமா?

நிறம் பார்க்கவில்லை என்கிறவர்களின் கட்டணப் பட்டியலையும் பார்த்துவிடுவோம். சில தனியார் தத்து நிறுவனங்கள் கருப்புக் குழந்தைக்குக் குறைவாகவும் வெள்ளைக் குழந்தைக்குக் கூடுதலாகவும் கட்டணம் வாங்கியதை 2013இல் அமெரிக்க வானொலியே சொன்னது. ஏலமேடையில் தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்ற நாட்டில், விலைச்சீட்டு இன்னும் கிழியவில்லை.

அப்படியானால் காத்திருக்கும் பிள்ளை காத்தே கிடக்கட்டுமா என்பீர்கள். கூடாது. ஒரு வெள்ளைக்காரத் தாய் பாசத்தோடு வளர்ப்பதை நான் பழிக்கவில்லை. ஆனால் 'நிறமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு' என்று அவள் சொல்லி வளர்த்த பையனைத் தெருவில் போலீஸ்காரன் நிறத்தை வைத்துத்தானே நிறுத்துவான்? அங்கே பாசம் போதாது, படிப்பினை வேண்டும். கருப்பினத் தாய் அதைச் சோற்றோடு ஊட்டியிருப்பாள்.

கருப்பர்கள் தத்தெடுக்க முன்வருவதில்லை என்பது அடுத்த பொய். சிகாகோவில் ஜார்ஜ் கிளமென்ட்ஸ் என்ற கருப்பினப் பாதிரியார் 1980இல் ஓர் இயக்கம் தொடங்கினார்: ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு குடும்பம், ஒரு குழந்தை. மறுவருஷம் தானே ஒரு பையனைத் தத்தெடுத்தார். இயக்கம் பல மாநிலங்களுக்குப் பரவியது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்கள், வீடு கிடைத்தது. 1994 சட்டமும் எல்லா இனத்திலும் பெற்றோரைத் தேடச் சொல்லித்தான் இருக்கிறது. நிறம் பார்த்த அலுவலகங்களுக்கு அபராதம் போட்ட அரசு, தேடாத அலுவலகங்களை எத்தனை முறை கேள்வி கேட்டது?

நண்பரே, நிரந்தர வீடு தேடுவதென்றால் பாட்டியின் வாசலில் இருந்து தேடுங்கள். தத்தெடுப்பவருக்குத் தரும் பணத்தை முதலில் அவளுக்குத் தந்து பாருங்கள். கூரை ஒழுகினால் கூரையை மாற்றுங்கள். புள்ளைய மாத்தாதீங்க.