எருக்கஞ்செடி அருகே ஓர் ஆள்மாறாட்டம்!

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் சாலையோர எருக்கஞ்செடிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே சுற்றும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி, 'வெந்தய வரியன்'. புழுவாக இருக்கும்போது எருக்கிலையைத் தின்று வளர்வதால், அதன் நஞ்சு உடம்பில் சேர்ந்துவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது.

இந்தப் பயத்தை நம்பியே, நஞ்சில்லாத 'டனாய்ட் எக்ஃப்ளை' பெண் பூச்சி அதே வேஷத்தில் உலவுகிறது. ஆண் பூச்சிக்கு இந்த வேஷம் கிடையாது. கறுப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டுகள்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின் இறக்கையைப் பாருங்கள். வெந்தய வரியனில் பெண்ணுக்கு நடுவே மூன்று கரும்புள்ளிகள், ஆணுக்கு நான்கு. எக்ஃப்ளை பெண்ணுக்கு மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று!

களை என்று எருக்கை வெட்டித் தள்ளினால் வெந்தய வரியன் குறையும். அசல் இல்லாத ஊரில் நகலுக்கு எந்தப் பறவை பயப்படும்?