ராப் பாட்டுக்கு விமர்சனம் எழுதினால் கை சுட்டுவிடுமா?

1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கிக் குமாஸ்தா, பங்க் இசையைப் பற்றித் தட்டச்சிலும் கையெழுத்திலுமாகச் சில பக்கங்கள் எழுதி, நகலெடுத்து விற்றார். அந்தச் சிற்றிதழின் பெயர் 'ஸ்னிஃபிங் க்ளூ'. பங்க் அலை வேகமாக வந்து வேகமாகவே வடிந்தது. 1978 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உடைந்துவிட்டது. 1991இல் ஜான் சாவேஜ் அந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் தடித்த புத்தகமாகவே எழுதினார். பாடுகிறவன் பக்கத்தில் எழுதுகிறவனும் நின்றதால் பாட்டு ஓய்ந்தும் பேச்சு ஓயவில்லை.

நம்ம கதை? 1998இல் பொயட்டிக் எம்மோவின் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கண்டோனீஸோடு தமிழும் ராப்பாக ஒலித்தது. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்தது. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படம் வழியாக யோகி பியின் குரல் தமிழ்நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத் தோட்டங்களை விட்டுத் தமான் வீடுகளுக்கு வந்த குடும்பத்துப் பசங்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. நாம பேசுற தமிழிலேயே பாடலாம் என்ற தைரியம் அது.

அந்த அலை ஏன் தணிந்தது? சினிமா இழுத்துக்கொண்டது, சிடி விற்பனை படுத்தது, குழுக்கள் பிரிந்தன என்பார்கள். இருக்கட்டும். என் சண்டை நம் இலக்கியவாதிகளோடு.

சிறுகதையில் 'லெப்பாக்' என்று எழுதினால் மண்வாசனை, அதையே ராப்பில் பாடினால் மொழிக்கொலை. இது என்ன நியாயம்? புதுக்கவிதை கழற்றி வைத்த எதுகை மோனையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ராப்தான். யாப்புக்காகக் கண்ணீர் விடுகிறவர்களின் காதில் மட்டும் அது விழவே மாட்டேன் என்கிறது.

புகழச் சொல்லவில்லை. கத்தியையும் கும்பலையும் கொண்டாடும் வரிகளும் இந்தப் பாட்டுகளில் வந்தன. அப்போது, "இந்த வரி பொய், இந்த வீரம் போலி, நீ இதைவிட நன்றாக எழுதக் கூடியவன்" என்று வரி வரியாகப் பிரித்துக் காட்ட விமர்சகன் வேண்டும். நாம் செய்தது என்ன? 'ரவுடிப் பாட்டு' என்று ஒரே வார்த்தையில் மொத்தத்தையும் தள்ளிவிட்டோம். நல்லதும் கெட்டதும் ஒரே குப்பைத் தொட்டிக்குள் போனது. எழுதத் தெரிந்த பையனுக்கு மிஞ்சிய தராசு, யூடியூப் எண்ணிக்கை ஒன்றுதான்.

தோட்டம் அழிந்ததைப் பற்றி எத்தனை கவிதை, எத்தனை கருத்தரங்கு! அதே தோட்டத்துப் பேரன் மைக்கைப் பிடித்தால் மட்டும் நமக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்கு உறுமி அடிக்கிற பசங்களில் ஒருவன் இன்று ராத்திரி தன் போனில் நாலு வரி எழுதிக்கொண்டிருக்கலாம். அவனுக்கு நம் பாராட்டு விழாவும் பொன்னாடையும் தேவையில்லை. உட்கார்ந்து கேட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.