குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் குடிக்கூலியா?

ஊரின் பொதுத்தேவைக்கெனக் குடிகள் தம் வருவாயிலிருந்து பகுத்துத் தரும் பங்கே வரி. அப் பங்கு வருவாயின் அளவை மீறிப் போகும்பொழுது வரி எனும் பெயரை இழந்துவிடுகின்றது. தன் வீட்டில் தான் குடியிருப்பதற்கே ஒருவன் செலுத்தும் குடிக்கூலியாக மாறிவிடுகின்றது. குடிக்கூலி கொடுக்க இயலாதவன் வீட்டை விட்டு நீங்க வேண்டும் என்பது உலக வழக்கு. சென்னைப் புறநகர்களில் வாழ்நாள் உழைப்பை ஒரு வீடாகக் கட்டியெழுப்பிய எளிய தமிழ்க் குடும்பங்கள், இன்று அவ் வழக்கின் வாயிலில் நிற்கின்றன.

அப் புறநகர்கள் எவ்வாறு தோன்றின என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நகரில் வேலை, புறநகரில் வீடு என்னும் வாழ்க்கைமுறை அதன்பின் பெருகிற்று. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையும் எழுந்தபின், தொழிலாளரும் ஆசிரியரும் எழுத்தரும் அங்கெல்லாம் மனை வாங்கினர். நகருக்குள் மனைவிலை எட்டாமையாலேயே அவர்கள் புறநகர்க்குச் சென்றனர். சாலையும் குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் இல்லாமையாலேயே அங்கு நிலம் மலிவாகக் கிடைத்தது. கடன் வாங்கி, முதலில் ஓர் அறை, பின்னர் ஓர் அடுக்களை என ஆண்டுக்கணக்கில் கட்டினர். தாழ்ந்த நிலமே அவர்கள் விலைக்கு எட்டியது. அதன் விளைவை 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கியபொழுது நாடே கண்டது.

நகரத்தை விட்டு விலகிச் சென்றவர்களை நகரத்தின் எல்லை பின்தொடர்ந்து வந்து பிடித்தது. 2011ஆம் ஆண்டு 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றன. அதன் பரப்பு 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அவ்வாறு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஏந்துகளில் ஊராட்சி, வரியில் மாநகராட்சி என்னும் இரண்டுங்கெட்ட நிலையே பல தெருக்களுக்கு வாய்த்தது.

இந் நிலையில்தான் 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், ‘சொத்துவரி’ என ஏடுகளில் எழுதப்பெறும் வீட்டுவரியின் ஏற்றம் அறிவிக்கப்பெற்றது. சென்னையோடு இணைந்த பகுதிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு, 600 சதுர அடி வரை 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. பழைய நகரப் பகுதியில் இவ் வேற்றம் 50 முதல் 150 விழுக்காடு வரை. 2024 அத்தோபரில் மேலும் 6 விழுக்காடு கூடியது. இணைந்த பகுதியில் 1,100 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,000 உருபா செலுத்தியவர், முதலில் 1,500 உருபாவும் பின்னர் 1,590 உருபாவும் செலுத்த வேண்டியவரானார். ஆண்டுதோறும் இவ்வாறே 6 விழுக்காடு ஏறுமாயின், பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இருமடங்காகிவிடும்.

செலுத்துபவரின் வருவாய் இருமடங்காகுமா? தொழிலாளர் வைப்புநிதி சார்ந்த ஓய்வூதியத்தின் கீழெல்லை 2014ஆம் ஆண்டு திங்களுக்கு 1,000 உருபா என வரையறுக்கப்பெற்றது. அடுத்த பத்து ஆண்டுகளில் அதில் ஓர் உருபாவும் கூடவில்லை. மின்கட்டணமோ 2022 செப்டம்பரிலும், 2023, 2024 ஆண்டுகளின் சூலையிலும் திருத்தப்பெற்றது. குழாய் வராத தெருவில் தண்ணீர்ச் சரக்குந்துக்கும், கழிவுநீர்த் தொட்டியை வெறுமையாக்கும் வண்டிக்கும் தனித்தனியே பணம் தரல் வேண்டும். வரியாக ஒருமுறை, வண்டிக்காரர்க்கு மறுமுறை என ஒரே தேவைக்கு இருமுறை செலவிடுகின்றவன் புறநகர்க் குடிமகன்!

‘1998க்குப் பின் பழைய சென்னையில் வரி திருத்தப்படவே இல்லை; ஆகலின் ஏற்றம் முறையே’ என்பர் ஆட்சியாளர். 2018இல் உயர்த்திய வரியைத் தேர்தலை எண்ணி 2019இல் நிறுத்தி வைத்தவர்களும் ஆட்சியாளர்களே. கால் நூற்றாண்டு சோம்பியிருந்தது யார் குற்றம்? அக் குற்றத்திற்குரிய தண்டத்தை ஒரே ஆண்டில் செலுத்த வேண்டியவர் யார்? உள்ளாட்சிக்குப் பணம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இவ் வரி சுவரை அளக்கின்றதே தவிர, அடுப்பை அளப்பதில்லை. ஒரே அளவுடைய இரு வீடுகளுள் ஒன்றில் பெருஞ்சம்பளக்காரரும் மற்றொன்றில் ஆதரவற்ற கைம்பெண்ணும் வாழ்ந்தால், இருவர்க்கும் ஒரே வரி!

இவ்வாறு நெருக்குண்ட குடும்பத்தின் முன் உள்ள வழி ஒன்றே. அடுக்ககம் கட்டும் பெருமுதலாளர்க்கு வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள்கோயிலுக்கும் திருநின்றவூருக்கும் அப்பால் செல்லுதல். அங்கு மருத்துவமனை தொலைவு. வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பயணமே பாதி நாள். மாநகராட்சியின் எல்லை ஒருநாள் அங்கும் வந்து சேரும். தமிழனைத் தன் மண்ணிலேயே நாடோடியாக்கும் ஏற்பாடு இது.

இவ் வேற்றத்தின் மூலக் கரணியம் தில்லியில் இருக்கின்றது. நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிப்பது, அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49ஆம் இனம். முற்றிலும் மாநிலத்தின் உரிமை. அவ்வாறிருந்தும் 2021–26 காலத்திற்கான 15ஆம் நிதிக்குழு, வீட்டுவரிக்குக் கீழெல்லை வகுத்து, மாநிலப் பொருளாக்க வளர்ச்சிக்கு ஒப்ப அதன் தண்டலையும் உயர்த்தினாலன்றி நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு நல்கை இல்லை எனக் கட்டளையிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு. அதே நிதிக்குழு பகிர்வில் தமிழ்நாட்டிற்கு ஒதுக்கியதோ 4.079 விழுக்காடு. மேல்வரி, தனித்தீர்வை எனும் பெயர்களில் தில்லி தண்டுவதில் மாநிலங்களுக்குப் பங்கே இல்லை. 2017இல் வந்த சரக்கு, பணி வரியால் மாநிலத்தின் வரியுரிமைகள் பலவும் பறிபோயின. கையைக் கட்டிவிட்டுக் குடிகளின் மடியில் கைவைக்கச் சொல்லுவதே நடுவணரசின் நயன்மை! அதற்குத் தலையசைத்ததே மாநில அரசின் வீரம்!

இன்னுமொரு கொடுமையும் உண்டு. அரசியலமைப்பின் 285ஆம் பிரிவின்படி, ஒன்றிய அரசின் உடைமைகளுக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதித்தல் கூடாது. புறநகரெங்கும் பரந்து கிடக்கும் தொடர்வண்டித்துறை நிலங்களும் படைத்துறை நிலங்களும் பணிக்கட்டணம் எனும் பெயரில் ஒரு பகுதியைத் தரலாமே ஒழிய, வீட்டுவரி தருவதில்லை. அவற்றின் மதிலையொட்டி இரண்டு அறைகளில் வாழும் தொழிலாளி முழுவரியும் தரல் வேண்டும்.

யானை தானே வயலுள் புகுந்தால் வாய்க்குள் செல்வதினும் காலால் அழிவதே மிகுதி எனப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உணர்த்திய வரிமுறையைப் புறநானூறு காத்து வைத்துள்ளது. 2019 சூலை 5இல் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்த நிதியமைச்சர் நிருமலா சீதாராமன், அப் பாட்டையே நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். தமிழ்ப்பாட்டு மேடைக்கு இனிக்கின்றது. அதன் பொருளோ கருவூலத்திற்குக் கசக்கின்றது போலும்!

தம் வரியைத் தாமே வரையறுத்த மக்கள் உலகில் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநில மக்கள் நேரடியாக வாக்களித்து, வீட்டுவரியை மதிப்பில் 1 விழுக்காட்டிற்குள்ளும், உடைமை கைமாறாதவரை மதிப்பின் ஆண்டேற்றத்தை 2 விழுக்காட்டிற்குள்ளும் அடக்கினர். அதனால் உள்ளாட்சிகளின் வருவாய் சுருங்கியதும், புதிதாக வீடு வாங்குவோர் மீது மிகுசுமை விழுந்ததும் உண்மையே. ஆகலின் அதனை அப்படியே பெயர்த்து நடுதல் வேண்டா. எனினும், ஒரு மாநிலத்தின் வீட்டுவரியை அம் மாநில மக்களே முடிவு செய்தனர் என்பது எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டு மக்கள் கேட்க வேண்டியவை தெளிவானவை. வீட்டுவரியில் தில்லியின் கட்டளை இனி எந்த நிதிக்குழுவின் வழியாகவும் நுழைதல் கூடாது. உடையவரே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு வரி அவர் வருவாயோடு பொருந்தல் வேண்டும். முதியோரும் கைம்பெண்டிரும் செலுத்த இயலாத பகுதியை வீடு கைமாறும் நாள் வரை ஒத்திவைத்தல் வேண்டும். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வராத தெருவில் ஏற்றம் கூடாது. விலையேற்றத்திற்கென வளைத்துப் போடப்பட்ட வெற்றுமனைகள் மிகுவரி செலுத்தல் வேண்டும். ஒன்றிய அரசின் உடைமைகளும் ஊர்ப்பொதுவுக்கு உரிய பங்கை முழுமையாகத் தரல் வேண்டும்.

தன் வீட்டில் எத்துணைக் காலம் வாழலாம் என்பதைத் தமிழன் தில்லியின் ஓலையைப் பார்த்து அறியும் நிலை ஒழிக! தன் மண்ணின் வரியைத் தானே வகுக்கும் உரிமையை மீட்கத் தமிழ்க்குடிகள் எழுக!