'களைத்தவர்' என்று ஒரு டாக்டர்

டன்லப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது, நேயர்களே? டயர்தானே! மெல்போர்ன் சர்வகலாசாலை மாணவர்களுக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. எட்வர்ட் டன்லப் என்ற புது மாணவன் வந்து சேர்ந்தான். டன்லப் என்றால் டயர், டயர் என்றால் 'டயர்ட்', அதாவது களைப்பு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, களைத்தவன் என்று பொருள்படும் 'வியரி' என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வைக்கிற பெயர் எந்த ஊரிலும் லேசில் போகாது. பையனோ ஆறடி நாலங்குல உயரம். 1932-ல் ஆஸ்திரேலியாவுக்காக ரக்பி பந்து ஆடியவன். களைப்புக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

விக்டோரியா மாகாணத்தில் 1907-ல் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் டன்லப். முதலில் மருந்து கலக்கும் படிப்பு, அப்புறம் வைத்தியம், அதற்கப்புறம் ரணசிகிச்சை. மேல்படிப்புக்காக 1938-ல் லண்டனுக்குப் போனார். மறு வருஷம் யுத்தம் வந்துவிட்டது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்து, பாலஸ்தீனம், கிரீஸ், டோப்ரூக் என்று குண்டு விழுகிற இடமாகப் பார்த்துக் கத்தியும் கையுமாக அலைந்தார். இதற்கு நடுவில் 1940-ல் நிச்சயதார்த்தம்! பெண் ஹெலன் பெர்கூஸன். மாப்பிள்ளை கடல் கடந்து இருக்க, பெண் மெல்போர்னில் இருக்க, நடந்த நிச்சயதார்த்தம் அது. 1938-ல் ஊரை விட்டுப் போனவர் 1945-ல்தான் திரும்பினார். அந்த ஏழு வருஷத்தில் பிற்பாதி, எதிரியின் சிறையில்.

1942 மார்ச்சில் ஜாவா தீவு ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே பாண்டுங் நகரில் டன்லப் ஓர் ஆஸ்பத்திரியை நடத்திக் கொண்டிருந்தார். வெடி விபத்தில் இரண்டு கண்களையும் இரண்டு கைகளையும் இழந்த ஒரு பிரிட்டிஷ் விமானப் படை வாலிபன் அங்கே படுத்திருந்தான். "இவன் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற மாதிரி ஜப்பானியத் துருப்பினர் துப்பாக்கிக் கத்தியை நீட்டினார்கள். டாக்டர் அந்தக் கத்திக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். கத்தி இறங்கவில்லை. அந்த வாலிபன் பிழைத்து, இங்கிலாந்து திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு பல காலம் வாழ்ந்தான்.

1943 ஜனவரியில் கைதிகளைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, காட்டையும் மலையையும் வெட்டிப் போட வேண்டும். 'சயாம் மரண ரயில்' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். நம்மவர்கள் என்று சொன்னது தவறிச் சொன்னதல்ல. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. வெள்ளைக்காரக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளிகளில் மாண்டவர்கள் அதைப் போலப் பல மடங்கு. கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்களும் இருந்தார்கள். நம் கூலிக்காரர்களின் கொட்டகைகளிலோ பெரும்பாலும் டாக்டரே கிடையாது. காலரா வந்தபோது அந்த வித்தியாசம் எத்தனை உயிர் என்று தெரிந்தது.

ஆனால் டாக்டர் இருந்தால் மட்டும் போதுமா? மருந்து வேண்டாமா? ஹின்டோக் என்ற இடத்தில் டன்லப்பின் ஆஸ்பத்திரி மூங்கிலும் ஓலையும்தான். காலரா நோயாளிக்கு உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் திரும்ப ஏற்ற வேண்டும். காட்டில் உப்பு நீர் பாட்டிலுக்கு எங்கே போவது? லாரியிலிருந்து திருடிய பெட்ரோல் குழாயை வைத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தார்கள். உப்பைக் கலந்து, ஊசிக்குப் பதில் மூங்கிலைச் சீவி நரம்பில் செருகி ஏற்றினார்கள். காலில் வந்த புண் எலும்பு வரை தின்றுகொண்டு போகும். அழுகிய சதையைக் கரண்டியால் சுரண்டுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான். தீட்டிய அரிசிச் சோறு மட்டுமே தின்றவர்களுக்குக் கால் வீங்கி 'பெரிபெரி' வந்தது. அதற்கு மருந்து நல்ல ஆகாரம். கைதிகளில் அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொஞ்சம் சம்பளம் கொடுத்து வந்தார்கள். அதிலிருந்து பணம் பிடித்து நோயாளிகளுக்கு முட்டை வாங்கினார் டன்லப். சில அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கத்தி பிடிப்பதை விடக் கடினமான வேலை ஒன்று தினமும் விடிவதற்கு முன் காத்திருந்தது. "இன்றைக்கு இத்தனை ஆள் வேண்டும்" என்பான் ஜப்பானியன். அத்தனை பேர் நிற்கும் நிலையிலேயே இருக்க மாட்டார்கள். வாதாடுவார், அடி வாங்குவார், நாலைந்து பேரையாவது மீட்பார். மீதிப் பேரில் யாரை அனுப்புவது? காய்ச்சல்காரனையா, கால் புண்காரனையா? அந்தத் தீர்ப்பை அவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, போனவன் சாயங்காலம் தூக்கி வரப்படுவதையும் பார்க்க வேண்டும். அவருக்கே மலேரியா, சீதபேதி, காலில் புண். இதையெல்லாம் ரகசியமாக நாட்குறிப்பில் எழுதி ஒளித்து வைத்தார். 1986-ல்தான் அது புத்தகமாக வந்தது.

1945 நவம்பரில், ஊர் திரும்பிய சில வாரத்திலேயே, ஹெலனைக் கைப்பிடித்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும்; ஆனால் நிஜ வாழ்க்கையில் கல்யாணத்துக்குப் பிறகும் பக்கங்கள் உண்டு, உங்களுக்குத் தெரியாததா! ஆஸ்பத்திரிக்கும் பழைய சிறைத் தோழர்களுக்கும் போக மிஞ்சிய பொழுதுதான் வீட்டுக்குக் கிடைத்தது. பென்ஷன் வாங்க முடியாத தோழன், தூக்கம் வராமல் தவிக்கும் தோழன், அவனுடைய விதவை என்று எல்லோரும் அவரைத்தான் தேடினார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் சயாமுக்கும் பிறகு இந்தியாவுக்கும் வந்து போனார். 1969-ல் 'சர்' பட்டம். அதே வருஷம் வியட்நாமில் ரணசிகிச்சைக் குழுவுக்குத் தலைமை. ஜப்பானியரிடம் பகை பாராட்டவில்லை என்றும் அவரைப் புகழ்கிறார்கள். எல்லாம் சரி. ஏழு வருஷம் காத்திருந்து, அதற்கப்புறமும் காத்திருந்தாளே ஒருத்தி, அவளுக்கு எந்த அரசாங்கம் என்ன பட்டம் கொடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

முதுமையில் ஹெலனுக்கு ஞாபகம் தப்பும் நோய் வந்தது. கணவருக்கு முன்பே கண்ணை மூடினார். டன்லப் 1993 ஜூலை 2-ந் தேதி, எண்பத்தாறாவது பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கையில் காலமானார். மெல்போர்ன் வீதிகளில் பதினாயிரம் பேருக்கு மேல் நின்று வழியனுப்பினார்கள். அஸ்தியில் ஒரு பகுதியைச் சயாமுக்குக் கொண்டு போய், கைதிகள் இரவெல்லாம் தீப்பந்த வெளிச்சத்தில் பாறை வெட்டிய அந்தக் கணவாய்ப் பக்கத்திலேயே சேர்த்தார்கள்.