தீயை அணைத்த கை

வீடு பற்றி எரிந்தால் ஓடி வருபவன் தீயணைப்புப் படை வீரன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மனிதன் சாய்ந்தால்? டாக்டர் வரவேண்டும் என்கிறோம். வருவாரா? வருவார், அவர் வருவதற்குள் சாய்ந்தவன் சவமாகியிருப்பான்! இந்த 'வருவதற்குள்' என்ற சொல்லிலே எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன, எத்தனை பிள்ளைகளின் படிப்பு பாதியிலே நின்றது என்பதை ஆலைத் தெருக்களிலே வாழும் தோழர்கள் அறிவார்கள். நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கணக்கு கொடியது. இருதயம் துடிப்பை நிறுத்திய பின், கை கட்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைகிறது. நாலைந்து நிமிடத்திலே மூளை கெடத் தொடங்குகிறது. பத்து நிமிடம் கடந்தபின் பட்டங்கள் பல பெற்ற நிபுணரே வந்து நின்றாலும், அவர் எழுதித் தரக்கூடியது பெரும்பாலும் மரணச் சான்றிதழ்தான்!

இந்தக் கணக்கை மாற்றி எழுத முனைந்தது ஒரு தீயணைப்புத் துறை. அமெரிக்க நாட்டின் மேற்குக் கோடியிலே உள்ள சியாட்டில் நகரத்துத் தீயணைப்புத் துறை.

அந்நகரின் இருதய மருத்துவர் லியோனார்டு காப் ஒரு செய்தி படித்தார். அயர்லாந்துத் தீவிலே, பெல்ஃபாஸ்ட் நகரில், பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் 1966-இல் மின்னதிர்ச்சிக் கருவியை வண்டியில் ஏற்றி, நோயாளியின் வாசலுக்கே கொண்டுபோனார் என்ற செய்தி. நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டிக்கு வண்டி டாக்டரை ஏற்ற ஊரிலே அத்தனை டாக்டர்கள் ஏது? தீயணைப்பு நிலையமோ ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. இரவெல்லாம் ஆள் இருக்கிறான். மணி அடித்தால் வண்டி புறப்படுகிறது. சந்து பொந்து அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். அவனுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன? தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரியும் இசைந்தார். 1970 மார்ச்சு 7-ஆம் நாள் முதல் வண்டி ஓடியது. 'மெடிக் ஒன்' என்பது ஏற்பாட்டின் பெயர். வண்டியின் பருமனைக் கண்டு 'மோபி பிக்' என்று, பன்றியைச் சேர்த்து ஒரு கேலிப் பெயரும் சூட்டினார்கள்.

ஊசி போடுவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும் மருத்துவம் கற்றோரின் தனி உரிமையல்லவா, தண்ணீர்க் குழாய் பிடிப்பவனிடம் கொடுப்பதா என்று கேட்டோர் அமெரிக்காவிலும் இருந்தனர். கலிபோர்னியா மாநிலத்திலே, இதற்கென்று 1970-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கல்வி சிலருடைய பெட்டகத்திலே பூட்டிக் கிடக்கவேண்டும் என்ற நினைப்பு எந்த நாட்டுக்கும் புதிதல்ல போலும்!

விக்கரி அத்துடன் நிற்கவில்லை. எவ்வளவு விரைந்தாலும் வண்டிக்குச் சில நிமிடம் ஆகத்தானே செய்யும்? அந்தச் சில நிமிடம் நோயாளியின் பக்கத்திலே யார் இருக்கிறார்கள்? மனைவி, மகன், உடன் வேலை செய்யும் தோழன்! தீயணைப்பு வீரன் கற்ற நெஞ்சு அழுத்தும் முறையை அவர்களுக்கும் கற்பித்தால் என்ன என்றார். மூன்று மணி நேரப் பாடம். 1970-களின் தொடக்கத்திலே, லட்சம் பேருக்குக் கற்பிப்பது என்று இலக்கு வைத்துத் தொடங்கினார்கள்.

அந்த முறையின் பிறப்பையும் தோழர்கள் அறியவேண்டும். மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன்கள் மின்சாரம் தாக்கி மாண்டுகொண்டே இருந்தார்கள். மின்சாரக் கம்பெனிகள் கவலை கொண்டன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்திலே அந்த ஆராய்ச்சியை நடத்திய கௌவன்ஹோவன் டாக்டர் அல்லர், மின் பொறியாளர்! அவருடன் இருந்த நிக்கர்பாக்கர், நாயின் மார்பிலே மின்கருவியின் தகடுகளை அழுத்தியபோது, மின்சாரம் பாயும் முன்பே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்டார். அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறது! அறுவை மருத்துவர் ஜூட் என்பவரும் சேர, 1960-இல் மூவரும் உலகுக்கு அறிவித்தனர். மார்பைப் பிளக்க வேண்டாம், கத்தி வேண்டாம், இரண்டு கை போதும். உழைப்பாளியின் சாவிலே தொடங்கிய ஆராய்ச்சி உழைப்பாளியின் கையிலேயே வந்து சேர்ந்தது.

சியாட்டிலைச் சூழ்ந்த கிங் கவுன்டியிலே 1980-களில் இன்னொரு படி ஏறினார்கள். முறை அறியாதவர் உதவி கேட்டுக் கூப்பிட்டால், தொலைபேசியை எடுப்பவரே, எங்கே கை வைப்பது, எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பலன்? பிறர் கண்ணெதிரே சாய்ந்து, மின்னதிர்ச்சிக்கு இணங்கும் நிலையில் இருதயம் இருந்தவர்களில், 2013-இல் அங்கே 100-க்கு 62 பேர் பிழைத்தனர்.

புகழ்ந்தோம், குறையையும் சொல்லவேண்டும். அதே அமெரிக்க நாட்டிலே 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது: வசதி படைத்த வெள்ளையர் வட்டாரத்தில் சாய்ந்தவனோடு ஒப்பிட்டால், ஏழைக் கருப்பர் வட்டாரத்தில் சாய்ந்தவனுக்கு அக்கம்பக்கத்தார் நெஞ்சு அழுத்தி உதவும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான்! ஏழையின் இருதயம் வேறா? அவன் அண்டை வீட்டானுக்கு இரக்கம் இல்லையா? இரக்கம் உண்டு. பாடம் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை.

உயிர் காக்கும் வீரனின் உயிர் என்னவாகிறது? 2007-இல் வெளியான ஆய்வு அதையும் காட்டிற்று. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் மாள்வதற்குத் தலையாய காரணம் தீயல்ல, இருதயம். பணி நேரத்தில் தீயோடு போராடுவது 100-க்கு 5 பங்குக்கு மேல் இல்லை. இருதய நோயால் நேர்ந்த சாவுகளிலோ 100-க்கு 32 அந்தப் போராட்டத்தின்போது! வாட்டசாட்டமான உடல்தான். உள்ளே ரத்தக் கொதிப்பும், புகைப் பழக்கமும், பாரமும் நீண்ட நாள் சேர்த்து வைத்ததை அந்த ஒரு மணி நேரம் வெடிக்க வைக்கிறது. சுமை தூக்கும் தோழர், கொதிகலன் அருகே நிற்கும் தோழர் இதை இருமுறை படிக்க வேண்டுகிறோம். ரத்தக் கொதிப்பு வலியோடு வருவதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். பீடியை நிறுத்த நாளை என்று நாள் குறிக்காதீர்கள். நெஞ்சிலே இறுக்கம், இடக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால், 'வாயு' என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள்.

சாய்ந்தவன் தட்டி எழுப்பியும் அசையவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் அவனை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் வைத்து, இரண்டு அங்குல ஆழம் அழுத்தி, மார்பு மீண்டும் எழ விட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யட்டும். களைத்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

படித்தால் மட்டும் கை பழகாது. சங்கக் கூடத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கற்பிக்க வருமாறு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தையும் அரசு மருத்துவமனையையும் கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் பக்கத்திலே இருக்கப் போவது அவர்கள்தான்.