நெல்லுக்கு இறைத்த மானியம்

விவசாயி என்றதும் கொழும்பிலிருந்து திட்டம் தீட்டுவோரின் மனக்கண்முன் தோன்றுவன வயலும் வரம்பும் நெற்கதிருமே. அக்காட்சி பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நெல், மழையை நம்பிக் காலபோகத்தில் ஒருமுறை விளைவது. ஆண்டு முழுவதும் கமத்தொழிலைத் தாங்கி நிற்பவை கிணறும் தோட்டமுமேயாம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைவிப்பவன் அரசின் மானியக் கணக்கில் எங்கே நிற்கிறான் என்பதே எமது வினா.

1962இல் தொடங்கிய உர மானியம் பல வடிவங்களை எடுத்துள்ளது. 2005இன் பின் நெற்செய்கையாளர் 50 கிலோ உரமூடையை 350 ரூபாவுக்குப் பெற்றனர். 2016இல் மூடை பணமாக மாறியது. 2024இன் பெரும்போகத்திலே, ஹெக்டயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை 25,000 ஆக உயர்ந்தது. பிற பயிர்களுக்கும் இடையிடையே சலுகைகள் வந்ததுண்டு; ஆயின் அவை நெல்லுக்கு வழங்கப்பட்டதற்கு ஈடாக அமையவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதோ நெல்லென்றும் வெங்காயமென்றும் வேறுபாடு காட்டப்படவில்லை. சலுகையில் பின்தள்ளப்பட்டவன் தண்டனையில் மட்டும் சமபங்கு பெற்றான்!

நாட்டின் சோறு நெல்லிலே தங்கியுள்ளது; ஆதலின் நெல்லுக்கு முதலிடம் தகும் என்பர் சிலர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் சோற்றோடு உண்ணும் கறிக்கு மிளகாயும் வெங்காயமும் வேண்டாமோ? 1970 தொடக்கம் 1977 வரை இப்பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்தான். அவனை உயர்த்தியது மானியமன்று, நியாயமான விலையே. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. அவன் சந்தை சரிந்தது.

அவ்வாறாயின் நெல்லுக்குரிய மானியத்தைத் தோட்டத்துக்கும் நீட்டினால் போதுமா? போதாது. எங்கள் குடும்பம் பிழைத்தது எட்டுப் பரப்புக் குத்தகைத் தோட்டத்தில். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஏறத்தாழ நாற்பது பரப்பு ஒரு ஹெக்டயர். அக்கணக்கின்படி எமக்குக் கிடைப்பது ஐயாயிரம் ரூபா! விதைவெங்காயம், உரம், மருந்து, நீரிறைக்கும் மண்ணெண்ணெய், கூலி ஆகிய செலவுகளின் முன் அது எம்மாத்திரம்? சிறுநிலத்தில் பெருஞ்செலவு செய்பவனை நிலப்பரப்பால் அளப்பதே தவறு.

எமது பக்கத்துக் குற்றத்தையும் மறைத்தலாகாது. அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா சுண்ணக்கற் பாறையூடாகக் கசிந்து எம் கிணறுகளிற் கலந்தது. உலக சுகாதார நிறுவனம் விதித்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் நைத்திரேற்று எல்லையை வலிகாமத்துக் கிணறுகள் பல கடந்துள்ளன. ஆகவே மலிவான மூடைகளை மீண்டும் தாருங்கள் என நாம் கேட்கவில்லை.

நாம் வேண்டுவன மூன்று: மானியம் செய்கைச் செலவைக் கொண்டு கணிக்கப்படல் வேண்டும்; குத்தகைக்காரனேயாயினும் உழுபவன் கையிலே அது சேர வேண்டும்; மண்ணையும் நீரையும் பரிசோதித்து, தொழுவுரமும் நீர்ச்சிக்கனமும் கைக்கொள்வோனுக்கு அது கூடுதலாக வழங்கப்படல் வேண்டும். அறுவடைக் காலத்தில் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டு மானியம் பேசுவது, வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதாகும்.

தோட்டத்து வருவாயில் படித்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தோர் நம்மிற் பலர். நமக்குச் சோறிட்ட அக்கிணற்றடிக்காக நாம் பேசாவிடின் வேறு யார் பேசுவர்?