இலையைத் திருப்பிப் பார்த்தவர்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊருக்குக் கிராம சேவகர் ஒருவர் மிதிவண்டியில் வருவதுண்டு. கொல்லையில் நிற்கும் எலுமிச்சை வாடுகிறது என்று என் தகப்பனார் முறையிட்டால், அவர் உடனே மருந்தின் பெயரைச் சொல்லிவிட மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பூதக்கண்ணாடியை எடுத்து, இலையைத் திருப்பி, அதன் அடிப்புறத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க ஐயா. இதைத் தின்னுற பூச்சியும் வந்திருக்கு, மருந்தடிச்சா ரெண்டும் சேர்ந்து செத்துப்போகும்" என்பார். சார்ல்ஸ் வாலண்டைன் ரைலி என்னும் பூச்சியியல் அறிஞரின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் படித்தபோதுதான், அந்தப் பார்வைக்குப் பின்னே எத்தகைய பரம்பரை நின்றது என்பதை உணர்ந்தேன்.

1843-இல் லண்டனில் பிறந்த ரைலி, பதினேழு வயதில் அமெரிக்காவுக்குச் சென்று, இல்லினாய் மாகாணத்துப் பண்ணையொன்றில் பாடுபட்டு, பின்னர் சிக்காகோ நகரத்து விவசாயப் பத்திரிகையொன்றில் எழுத்தாளராகவும் சித்திரக்காரராகவும் பணிபுரிந்து, 1868-இல் மிசூரி மாகாணத்தின் பூச்சியியல் அதிகாரியானார். அப்பதவியில் இருந்துகொண்டு அவர் எழுதிய ஒன்பது ஆண்டறிக்கைகள், குடியானவர்களுக்கென்றே எழுதப்பட்டவையாயினும், சார்ல்ஸ் டார்வினுடைய நன்மதிப்பையும் பெற்றன.

அதே காலத்தில் பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணம் புலப்படாமல் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. பட்ட கொடியைத் தோண்டியவர்கள் கறுத்து அழுகிய வேரைத் தவிர வேறொன்றையும் கண்டாரில்லை. 1868 ஜூலையில் மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்கள் இருவரும், பட்டதை விட்டுவிட்டு, அதனருகே பசுமை மாறாமல் நின்ற கொடியின் வேரை எடுத்துப் பார்த்தபோது, மஞ்சள் நிறமுள்ள நுண்ணிய பூச்சிகள் அதில் அப்பிக்கிடந்தன. சாறு வற்றிய வேரைத் துறந்து உயிருள்ள வேரை நாடிச் செல்வது அப்பூச்சியின் இயல்பாகையால், மாண்ட கொடியில் தேடியவர் கண்ணுக்கு அது அகப்படாமலே இருந்துவிட்டது. பில்லாக்சீரா என்பது அதன் பெயர்.

அமெரிக்கத் திராட்சை இலைகளில் சிறு கொப்புளங்களை உண்டாக்கும் பூச்சி ஒன்றை ரைலி நன்கறிவார். இலையில் வாழும் அதுவும், பிரான்சில் வேரைக் குடையும் இதுவும் ஒரே ஜீவனே என்று அவர் துணிந்து, 1871-இல் தாமே அங்கு சென்று பார்த்து உறுதி செய்துகொண்டார். இந்த உண்மையிலிருந்தே பரிகாரமும் பிறந்தது. எண்ணற்ற தலைமுறைகளாக அந்தப் பூச்சியோடு சேர்ந்து வாழ்ந்த அமெரிக்கக் கொடியின் வேர், காயம்பட்ட இடத்தைத் தக்கை போன்ற படலத்தால் மூடிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடியின் வேரோ வீங்கி, வெடித்து, அழுகிவிடும். ஆதலால் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினால், வேர் தாங்கும், பழமும் பழைய சுவை மாறாது. சிலர் மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடைச் செலுத்தியும், சிலர் தோட்டத்தை வெள்ளக்காடாக்கியும் போராடிய பின், இறுதியில் ஒட்டுக்கட்டுதலே நிலைத்தது. பிளான்ஷோன் முதலிய பிரெஞ்சு அறிஞர்களுக்கும், நாற்றுக்களைக் கப்பலேற்றிய மிசூரித் தோட்டக்காரர்களுக்கும் இப்புகழில் பங்குண்டு. ரைலிக்குப் பிரான்ஸ் அரசாங்கம் தங்கப் பதக்கம் அளித்தது.

பகையை அடியோடு அழித்தே தீரவேண்டும் என்ற ஆவேசம் இல்லாமல், எதை எதோடு சேர்த்தால் பயிர் பிழைக்கும் என்று ஆராயும் இந்த விவேகத்தையே அவருடைய பெருமையாக நான் கருதுகிறேன். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற செதில் பூச்சி பாழாக்கியபோதும், அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு, அதன் ஜன்ம விரோதியும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று எண்ணி, 1888-இல் ஆல்பர்ட் கோபலே என்பவரை அனுப்பிவைத்தார். அவர் அனுப்பிய பொறிவண்டுகளில் முதலில் வந்து சேர்ந்தவை 129. ஓரிரண்டு ஆண்டுகளில் அவற்றின் சந்ததி தோட்டங்களை மீட்டுவிட்டது. பின்னர் நம் நீலகிரி வாட்டில் மரங்களில் அதே செதில் பூச்சி தோன்றியபோது, 1930-ஐ ஒட்டி அங்கும் அதே வண்டையே வரவழைத்து விட்டார்கள்.

1895 செப்டம்பரில், வாஷிங்டன் நகரத்தில், ரைலி ஏறிச்சென்ற மிதிவண்டி வீதியில் கிடந்த கல்லில் மோதிக் கவிழ, அவர் தலையில் அடிபட்டு அன்றே காலமானார். அப்பொழுது அவருக்கு ஐம்பத்திரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆலோசனை கூறுபவருடைய உத்தியோகம் பெரும்பாலும் கீர்த்தி தராதது. நட்டவர் வேறு, அறுப்பவர் வேறு. அவருடைய வெற்றியோ வராமற்போன நோயாகவும் வாடாமல் நின்ற கொடியாகவும் இருப்பதால், சுட்டிக்காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இராது. எங்கள் கிராம சேவகர் வேலையிலிருந்து விலகிய நாளில் ஊரில் எவரும் மாலை போட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் வந்து போகும்போதெல்லாம் என் தாயார் கொல்லைக்குச் சென்று, பழுத்த எலுமிச்சையாகப் பத்துப் பொறுக்கி, அவருடைய மிதிவண்டிப் பையில் போட்டு அனுப்புவார். அவர் வேண்டாமென்பார், அம்மா கேட்கமாட்டார். பிரான்ஸ் தேசத்துத் தங்கப் பதக்கத்திற்கு அந்தப் பத்துப் பழங்களும் சிறிதும் தாழ்ந்தவையல்ல என்றே இன்று எனக்குத் தோன்றுகிறது.